கூட்டக் குறிப்பில் இல்லாதது

வாசிகசாலைக் கொப்பியில் நான் எழுதியது இவ்வளவுதான்:
"மாசி இருபத்தொன்பது, ஞாயிறு.
விவாதம்: புதிதாய் விடுதலையான நாடொன்று
பெரியதோர் ஒன்றியத்தில் சேரலாமா?
சேரலாம் பதினொன்று. கூடாது பதினொன்று.
ஒன்பதே காலுக்குக் கூட்டம் கலைந்தது."

நாலு வருசத்துக்கு ஒருக்கால் வருகிற திகதி.
கொடி ஏறி இருபத்தைந்தே நாள்.
கச்சேரி வாசலில் கட்டிய குருத்தோலை
காய்ந்தும் அவிழ்க்கப்படாமல் கிடந்தது.
தேத்தண்ணிக்கடை ரேடியோவிலோ
கொழும்பு இரைந்தது, திருச்சி பிசகில்லாமல் கேட்டது.
அதை ஒரு வாதமாகவே வைத்தார் ஒருவர்.

எலியேசர் மாஸ்டர் கரும்பலகையில்
பெரிய வட்டம் கீறி உள்ளே சின்ன வட்டம் கீறினார்.
"சின்னன் அழியேல்லை, பாருங்கோ.
அதின்ர கோடு அதுக்கு இருக்கு."
பார்த்தோம்.
அவர் கோட்டின் கை பட்டு
அந்தக் கோட்டில் ஒரு பக்கம் அழிந்திருந்தது.

புகையிலைத் தரகர் அருளம்பலத்தார் எழும்பினார்.
"திருவிதாங்கூரைப் பாருங்கோ.
போன ஆனியிலை தனிநாடு எண்டவை,
ஆடி முடியக் கையெழுத்து வைச்சிட்டினம்.
என்ர சிப்பம் நாப்பத்திரண்டும்
ஏத்தேக்கை ஒரு நாட்டுக்கு, இறங்கேக்கை வேறை நாடு.
காசு
ரெண்டு நாட்டிலையிருந்தும் வரேல்லை."
அவர் எந்தப் பக்கம் பேசினார் என்று
கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

புரக்கிராசி நன்னித்தம்பி கண்ணாடியைத் துடைத்தார்.
"பங்குக் கிணறு தெரியும்தானே?
உறுதியிலை ஆறிலொண்டு எண்டு வடிவாய் எழுதிக் கிடக்கும்.
துலா உன்ர கைக்கு எப்ப வரும்?
நடுச்சாமம்.
நீயும் பாம்பும் உன்ர மிளகாய்க் கண்டும்."
இதற்குத்தான் பலத்த கைதட்டல்.
கைதட்டியவர்களில் பாதிப்பேர்
கிணற்று வழக்கில் அவரிடம் காசு கட்டியவர்கள்.

கடைசி வாங்கில் இருந்து மிஸ் அன்னப்பிள்ளை,
பெண்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ரீச்சர்,
எழும்பாமலே கேட்டா:
"சேர்ந்தாப்பிறகு
விலகிறதெண்டால் என்ன செய்யிறது?"
யாரோ இருமினார்கள்.
நான் எழுதினேன்.
தலைப்புக்குள் அடங்காது, வெட்டும் என்றார் தலைவர்.
வெட்டினேன்.
மை ஊறி அடுத்த பக்கத்திலும் அந்தக் கோடு தெரிகிறது.

பிறகு வாக்கெடுப்பு.
சேரலாம் என்போர் கை உயர்த்துக. பன்னிரண்டு.
கூடாது என்போர். பன்னிரண்டு.
இருந்தது இருபத்திரண்டு பேர்.
யாரடா ரெண்டு தரமும் தூக்கினது என்று
புரக்கிராசி வேட்டியை மடித்துக் கட்டினார்.
மறுபடி எண்ணினேன்.
மறுபடியும் அதே இருபத்துநாலு.

மாஸ்டர்தான் யன்னலைக் காட்டினார்.
வளையில் கொளுக்கி அறுந்துபோனதால்
வெளியே கதிரன்
பெட்ரோமாக்ஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி.
ஏழு மணியில் இருந்து அந்தக் கை இறங்கவில்லை.
சேரலாம் என்றபோதும் உயர்ந்திருந்தது,
கூடாது என்றபோதும் உயர்ந்திருந்தது.
படி ஏறி உள்ளே வந்து பிடி என்று
அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.
நானும்தான்.

சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
ஒரு பக்கத்தில் ஒன்று, மற்றப் பக்கத்தில் ஒன்று,
கழித்தேன்.
கணக்குச் சரி.
தீர்க்கும் வாக்கை அடுத்த மாதம் யோசித்துச் சொல்வதாகத்
தலைவர் சால்வையை உதறினார்.

அப்போது அவன் கை மாற்றினான்.
வெளிச்சம் வலத்தில் இருந்து இடத்துக்குப் போக
எங்கள் நிழல்கள் எல்லாம் ஒரே வீச்சில்
எதிர்ச் சுவருக்குத் தாவின,
ஆளுக்கு மேல் ஆள்,
சேரலாம் எது கூடாது எது என்றில்லாமல்.

திரும்பும்போது ஒழுங்கை கும்மிருட்டு.
அவன் முன்னுக்கு, நாங்கள் இருபத்திரண்டு பேரும் பின்னுக்கு.
பத்தடி தள்ளி நடந்துகொண்டு கேட்டேன்:
"கதிரன், நீ எந்தப் பக்கம்?"

திரும்பிப் பார்க்கவில்லை.
"எண்ணெய் முடியப்போகுது ஐயா,
கெதியா நடவுங்கோ."