பதினேழாம் நம்பர்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே
நாலரைக்கே வேனில் ஏற்றினார்கள்.
ஏஜெண்ட் மரியதாஸ் என் மணிக்கட்டைத் திருப்பி
பேனாவால் எழுதினார்.
முதலில் எழுதவில்லை.
பேனாவை நாக்கில் தொட்டு
மறுபடி அழுத்தினார்: 17.

வீராம்பட்டினம் கரையில்
ஒரு கப்பல் உடைந்து கிடந்தது.
கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தேன்.
தெர்மக்கோல். உள்ளே சவுக்குக் கழி.
அந்தப் பக்கம் சுற்றிப் போனால்
கப்பலே இல்லை,
ஜெனரேட்டர் வண்டியும் இட்லி அண்டாவும்தான்.

நடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.
ஆண்டு விழாவில் முயலாக நின்றதைச் சொல்ல
வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.
அசிஸ்டென்ட் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்:
“பாப்பா, நீ செத்துட்ட.
கண்ண மூடிக்க. மூச்சு தெரியக் கூடாது.”

அம்மாவிடம் சித்தி
‘கூட்டத்துல நிக்கிற வேஷம்’ என்றுதான் சொல்லியிருந்தாள்.

மொத்தம் நாற்பது பேர் செத்தோம்.
இடப்பக்கம், சுண்ணாம்பாறு படகுத்துறையில்
டிக்கெட் கிழிக்கும் மாமா.
அவர் வயிறு மட்டும் சாக மறுத்தது,
நாலு டேக் அதில் போனது.
வலப்பக்கம் கோமளவல்லி சித்தி,
வெள்ளைக்காரி கவுனில் குப்புறக் கிடந்தாள்.
கவுனுக்குள் செல்போன் உறுமிக்கொண்டே இருந்தது.
வட்டிக்காரர்.

மணல் முதலில் குளிர்ந்தது.
பத்து மணிக்கு மேல்
செத்துக் கிடப்பது லேசில்லை.
குட்டி நண்டு ஒன்று முழங்காலில் ஏறி
அங்கேயே நின்று யோசித்தது.
செத்தால் இருட்டாகும் என்று நினைத்திருந்தேன்.
வெயிலில் செத்தால் சிவப்புதான்.

மத்தியானம் தக்காளி சாதம்.
ஈரத்துணியோடு வரிசையில் நின்று
பிணங்கள் எல்லாம் ஊறுகாய்க்குச் சண்டை போட்டன.
நான் அப்பளம் ரெண்டு வாங்கினேன்.

மூன்று மணிக்குப் பெரிய நடிகர் செத்தார்,
கப்பல் முதலாளியாக,
ஒரே டேக்கில், கைதட்டலோடு.
“சார், ஒரு சிரிப்பு,” என்றார் டைரக்டர்.
செத்தவர் கண்ணைத் திறந்து
கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.
கேமரா அதையும் எடுத்துக்கொண்டது.
கற்பூரம் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

“எதுக்கு சித்தி?”
“பொணமா நடிச்சா கடைசில சிரிச்சிக் காட்டணும்.
இல்லன்னா ஆயுசுக்கு ஆவாது.”
“அப்ப நம்ம?”
கவுன் ஓரத்தைப் பிழிந்தபடி சொன்னாள்:
“நம்மள்லாம் ஃபோகஸ்லயே இல்லடி.”

ஆனாலும் நான் போய் நின்றேன்.
கேமராவைக் கழற்றிக்
கறுப்புப் பெட்டியில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.
மூடியின் கொக்கி ‘டக்’ என்றது.
“தள்ளு பாப்பா.”

முந்நூற்றைம்பது.
கமிஷன் ஐம்பது போக
முந்நூறை சித்தி தன் பணத்தோடு சுருட்டி
ஈர ஜாக்கெட்டில் செருகினாள்.
திரும்பிப் போக வேன் இல்லை.

முதலியார்பேட்டையில் இறங்கி
பணம் போடும் மெஷினுக்குப் போனோம்.
ஜில்லென்று இருந்தது உள்ளே.
மெஷினுக்கு மேலே
சட்டைப் பொத்தான் அளவுக்கு
ஒரு கறுப்புக் கண்.

எக்கி நின்று
விழுந்த பல்லின் ஓட்டை தெரிய
முதலில் எனக்காகச் சிரித்தேன்.
அடுத்தது சித்திக்கு.
படகுத்துறை மாமாவுக்கு வயிறு குலுங்க ஒன்று.
ஊறுகாய் தராமல் என்னைத் தள்ளிய பாட்டிக்கும்
போனால் போகிறதென்று ஒன்று.
பதினோராவது சிரிப்பில்
“யாரப் பாத்துடி இளிக்கிற?” என்று
சித்தி கையைப் பிடித்து இழுத்தாள்.
மீதி இருபத்தொன்பது பேர் முகம்
எனக்குச் சரியாக ஞாபகமும் இல்லை.

மெஷின் ஒரு நூறு ரூபாயை மட்டும்
வெளியே தள்ளியது. ஈரம்.
என் பாவாடையில் துடைத்து
மறுபடி உள்ளே விட்டாள்.
மறுபடி தள்ளியது.