வெளிநடப்பு

பதினான்கு, பதிமூன்று, மூன்று.
குன்னூர் நகர்மன்றத்தின் இந்தக் கணக்கை
நான்கு வருடமாக எழுதுகிறேன்.
கூட்டக் குறிப்பேடு என் பொறுப்பு.

தலைவர் தேர்தலில் பதினைந்துக்குப் பதினைந்து.
கமாலுதீன் பேக்கரியின் வர்க்கி டப்பாவில்
இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார் ஆணையர்.
ஹேமலதா போஜன் என்று வந்தது.
சீட்டில் எண்ணெய்க் கறை.
கறையோடு கோப்பில் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் கட்சியும் ஆளவில்லை.
ஆள்வது மூன்று சுயேச்சைகளின் மனநிலை.
கமாலுதீனுக்கு மார்க்கெட் வாடகை ஏறக்கூடாது.
பெள்ளிராஜுக்கு
ஹட்டிக்குப் போகும் பாதையில் ஏழு விளக்கு.
பதினெட்டாம் வார்டு ஃபிலோமினாவுக்கு
லைன் வீடுகளுக்கு மேலே ஒரு தடுப்புச் சுவர்.
தையல் மெஷின் சின்னம், பதினொரு ஓட்டு வித்தியாசம்.
சுவரை விட்டால் அந்தம்மாவுக்கு வேறு பேச்சு தெரியாது
என்பார்கள் இரண்டு பக்கமும்.
அதில் மட்டும் ஒருமனதாக.

கை தூக்குவதற்கு முன்
வராந்தாவில் நடப்பதுதான் கூட்டம்.
குப்பை லாரியின் கிளட்ச் பிளேட்டுக்கு
ஒரு கழிப்பிட டெண்டர் ஈடு.
எண்ணிக்கை இடிக்கிற நாளில்
பதினான்கு பேர் வெளிநடப்பு.
அதைக் கண்டித்துப் பதிமூன்று பேர் வெளிநடப்பு.
மீதி மூன்று. கோரம் இல்லை.
ஒத்திவைக்கப்பட்டது.
இந்த வார்த்தைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளட்டுமா
என்று ஆணையரைக் கேட்டேன்.
அந்தச் செலவுக்கும் மன்றம் ஒப்ப வேண்டும் என்றார்.
சிரிக்கவில்லை.

கார்த்திகை முதல் வாரம்.
பர்லியாறில் மண் சரிந்து பஸ் நின்றிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே ஊரைக் காணோம்,
மஞ்சுதான்.
பொருள் எண் பதினேழு, தடுப்புச் சுவர்.
எட்டாவது முறை.
பதினான்கு பேர் எழுந்தார்கள்,
வேட்டியை, முந்தானையைச் சரிசெய்தார்கள்,
வாசல்வரை போனார்கள்.

படியில் காட்டெருமை.
ஒற்றை. மழையில் முதுகு மின்ன,
ஒரு கொம்பில் யார் வீட்டுத் துணிக்கொடியோ சுற்றி,
அதில் ஒரு பள்ளிக்கூட சாக்ஸ்.
நகராட்சியின் செவ்வந்தித் தொட்டிகளை
ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தது.
வனத்துறைக்குப் போன் போட்டால்
ஆள் சரிவுக்கு அந்தப் பக்கம்.

பதினான்கு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.
கண்டிக்க எதுவுமில்லாமல்
பதிமூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் வசவு.
அது குறிப்பில் இல்லை.
பிறகு கரண்ட் போயிற்று. பிறகு டீ தீர்ந்தது.
கமாலுதீன் பையிலிருந்து வர்க்கி எடுத்தார்.
முப்பது பேருக்குப் பத்தொன்பது.
உடைத்தார்கள்.
மேஜையெல்லாம் உதிரி.

அப்போது ஃபிலோமினா பேசினார். சுவரைப் பற்றி அல்ல.
தகரத்தில் அடிக்கிற மழைக்குப் பயமில்லை என்றார்.
பிள்ளைகள் அதில்தான் தூங்கும்.
சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கும் பாருங்கள்,
அந்த மழைக்குத்தான்
நாங்கள் செருப்போடு படுப்போம்.

யாரோ இருமினார்கள். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தலைவர் வாக்குக்கு விட்டார்.
என் செல்போன் வெளிச்சத்தில் கைகளை எண்ணினேன்.
முகம் தெரியவில்லை,
எந்தப் பக்கத்துக் கை என்றும் தெரியவில்லை.
இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்று.

ஐந்தரைக்கு எருமை
வண்டிச்சோலைப் பக்கம் ஏறிப் போனது,
சாக்ஸோடு.

இருட்டில் எடுத்த வாக்கெடுப்பு செல்லாது என்று
இரண்டு கட்சியும் மறுநாள் தனித்தனியே மனுக் கொடுத்தன.
வாசகம் ஒன்றே; எழுத்துப்பிழையும் ஒன்றே.
முன்மொழிந்தவர், ஃபிலோமினா.
வழிமொழிந்தவர் என்ற கட்டத்தில் எழுத
ஒருவரும் பெயர் தரவில்லை.
இன்னும் வெறுமையாக இருக்கிறது.

சுவர் இடுப்புயரத்தில் நிற்கிறது.
மீதிக்கான நிதி, பொருள் எண் ஆறு,
வரும் புதன்கிழமை.

வாசலில் தொட்டி வைக்கவில்லையா என்று
நேற்று ஃபிலோமினா கேட்டார்.
காசில்லை என்றேன்.
இன்று காலை படியில் ஐந்து தொட்டி,
தளதளவென்று செவ்வந்தி.
வைத்தது யாரென்று வாட்ச்மேனுக்குத் தெரியாதாம்.

கூட்டம் பதினொரு மணிக்கு.
புதன்வரை வாடாமலிருக்க
நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.