அரை இஞ்சிக் குழாய்

கிளினிக்கில் மிசி என் பேரைக் கூப்பிடுவா:
பேரின்பம்!
நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
யாரும் சிரிப்பதில்லை. நான்தான் சிரிக்கிறேன்,
உள்ளுக்குள்,
மூன்று வருசமாக.

தண்ணிச் சபையில் இருபத்தேழு வருசம்.
கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா,
எந்த ஒழுங்கையில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.
என் கையில் பட்டி சுற்றிக் காற்றடித்தபோது
நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்றுப்பத்து.
'தலை சுத்தேல்லையா?' என்றா மிசி.
சுற்றவில்லை.
கூடின அமுக்கம் சத்தம் போடாது.
குழாய்தான் ஒரு நாள் சத்தம் போடும்.

குளிசை தொடங்கிய மாதம்
நேசமலரின் பக்கம் திரும்பி, ஒன்றும் ஆகாமல்
மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினேன்.
உண்மையில் அது முந்தின வருசமே தொடங்கியிருந்தது.
ஆனால் பழி போட ஒரு குளிசை வேணுமே.
கல்லடிப் பாலத்தில் மோட்டச்சைக்கிளை நிறுத்தி
ஒரு மாத மருந்தை வாவிக்குள் கொட்டினேன்.
பாடும் என்று ஊர் சொல்கிற அந்த மீன்களுக்கு
இப்போ பிரஷர் நோர்மலாக இருக்கும்.

இரவு டியூட்டியை நானே கேட்டு வாங்கினேன்.
பம்ப் ஹவுசில் பாய் விரித்துப் படுத்தால்
யாரும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை.
அவள் தலைக்கு மை பூசினாள்.
காத்தான்குடியில் பூப்போட்ட நைட்டி ஒன்று வாங்கி
அலுமாரியில் மடித்து வைத்து
பிறகு மகளுக்குக் கொடுத்தாள்.
ஒரு நாள் என் போனை எடுத்துப் பார்த்தாளாம்,
வேறொருத்தியைத் தேடி.
ஒருத்தியும் அகப்படாதது
அவளுக்கு இன்னும் பாரமாகப் போயிற்று.

கூட வேலை செய்த விமலேந்திரன்
போயா இரவில், ஒளித்து வைத்த போத்தலோடு சொன்னான்:
'மச்சான், எனக்கும் ரெண்டு வருசமா மோட்டர் இழுக்குதில்லடா.'
சிரித்தோம்.
ஏதோ எண்ணெயின் பேர் சொன்னான். அதற்கும் சிரித்தோம்.
மாசியில், வால்வுக் குழிக்குள்
ஸ்பானரோடு குந்தினவன்
எழும்பவில்லை.
நாற்பத்தொன்பது வயது.

டொக்டர் றிபாயா என் மூத்தவளின் வயது.
கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டா:
'வீட்டில, அந்த விசயத்தில ஏதும் கஷ்டம் இருக்கா ஐயா?'
இல்லை என்றேன்.
கதவு வரை போய்த் திரும்பி வந்தேன்.
கொப்பியின் பின்னட்டையில் மூன்று குழாய் கீறினா.
'இது கழுத்துக்கு. பெரிசு.
இது நெஞ்சுக்கு, மூணு நாலு மில்லிமீட்டர்.
இது...' பேனை கொஞ்சம் நின்றது.
'ஒண்டு, ரெண்டுதான்.
எல்லாத்திலயும் ஒரே கறள். மெல்லிசுதான் முதல்ல சொல்லும்.
குளிசைய உங்கட பாட்டில நிப்பாட்டாதீங்க.
ஒத்துவராட்டி வந்து சொல்லுங்க, மாத்தலாம்.'

எனக்கா சொல்லித் தருகிறா?
பழைய இரும்புக் குழாய், ஆறு இஞ்சி, கறள் கட்டினாலும் ஓடும்.
வீட்டுக்குப் போகிற அரை இஞ்சியில்தான்
தண்ணி நூலாக வடியத் தொடங்கும்.
அந்த வீட்டு மனுசி ஒப்பீசுக்கு வந்து கத்துவா.
அவவின் பைப்பில் பிழை என்று நாங்கள் எழுதி வைப்போம்.
விமலேந்திரன்
இரண்டு வருசமாக முறைப்பாடு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.
நான் சிரித்து, பைலை மூடியிருக்கிறேன்.

கொப்பியை நேசமலரிடம் நீட்டினேன்.
கடைசிக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு
கனநேரம் நின்றாள்.
'அப்ப, என்னில இல்லையா' என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.
குசினிக்குள் போய்
கருவாட்டுச் சட்டியின் மூடியைப் பலமாகச் சாத்தினாள்.

வெள்ளென கடற்கரையில் நடக்கிறோம், அவள் முன்னால்.
நூற்று முப்பத்தாறுக்கு இறங்கியிருக்கிறது.
சிகரெட் நாளுக்கு ஒன்று.
பொய், இரண்டு.
மற்றதா?
குழாய் திருத்தி வால்வைத் திறந்தால்
முதலில் காற்றுத்தான் வரும். இருமும். துப்பும்.
கறள் நிறத்தில் கொஞ்சம் ஒழுகி நிற்கும்.
வாளியோடு நிற்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது:
பூட்டிப்போடாதீங்க,
கொஞ்சம் பொறுங்க.