நகராத புள்ளி

ஏழு போன்கள் என் பையில்.
ஏழு கம்பெனி, ஏழு குணம்.
வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறும்போது
எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

எதிர் சீட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார்.
திருட்டுப் போன் என்று முடிவுகட்டி
தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டேன்.
இருட்டுக்குள்
நான் எழுதிய சின்ன வேலைக்காரன்
பத்து நொடிக்கொரு தரம் வானத்தைக் கேட்கிறான்:
இப்போது எங்கே இருக்கிறேன்?
வந்த பதிலை ஆபீசுக்கு அனுப்புகிறான்.
டவர் மாறுகிற இடத்தில் மூச்சைப் பிடிக்கிறான்.
சிக்னல் இல்லையா, எழுதி வைத்துக்கொண்டு
வந்ததும் மொத்தமாக ஒப்பிக்கிறான்.
இவ்வளவுதான் அவன் வேலை.

கோட்டூர்புரம் தாண்டி ஆற்றின் மேல்
மூன்றாவது போனில் செத்தான்.
மந்தைவெளியில் ஐந்தாவதில்.
நோட்டில் நேரம் குறித்தேன்.
பேட்டரி இரண்டு நாள் நிற்கும் என்று
அட்டைப்பெட்டி மேல் அச்சடித்துவிட்டார்கள்.
அதைக் காப்பாற்ற
கண்ணில் படாமல் உழைப்பவனைத்தான்
முதலில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

பதினாலு தண்ணீர் லாரி. மே மாதம்.
லாரி எங்கே வருகிறதென்று
மேப்பில் ஒரு நீலப் புள்ளி காட்டவேண்டும்.

எருக்கஞ்சேரியிலிருந்து பல்கீஸ் கூப்பிட்டாள்.
"உன் புள்ளி ஒரு மணி நேரமா
மூலக்கடைலயே நிக்குது.
லாரி வந்துட்டுப் போயே போச்சு.
எட்டுக் குடமும் காலி."
போன் தூங்கிடுச்சுங்க, என்றேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
பிறகு சொன்னாள்:
"நான் தூங்கலியே."

பதிமூன்று புள்ளிகள் இப்படித்தான்,
எங்காவது ஒரு சிக்னலில் கல்லாகிவிடும்.
ஒன்று மட்டும் நாள் முழுக்க ஓடியது.
டிரைவர் எத்திராஜுலு.
இருப்பதிலேயே மட்டமான போன்,
கண்ணாடி கீறல், பின்மூடிக்கு ரப்பர் பேண்டு.
ஆறு மாதம் விதிமுறைப் பக்கங்களைப் படித்தவள்
கீழ்ப்பாக்கத்தில் லாரி நிரம்புகிற இடத்துக்குப் போய்
சேற்றில் நின்று அவரிடம் கேட்டேன்.

"பாட்டு ஓடுனா புள்ளியும் ஓடுது மேடம்.
பாட்ட நிறுத்துனா அரை அவர்ல அடங்கிடுது.
அதான் காலைல போட்டு வுட்டுடுவேன்."
காது வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.
"ஸ்பீக்கர் போயி ரெண்டு வருசமாச்சு."

குழாயிலிருந்து லாரிக்குள் தண்ணீர் இடிந்து விழுந்தது.
யாருக்கும் கேட்காத ஏதோ ஒரு பாட்டு
அவர் சட்டைப்பையில்
சரணத்தில் இருந்ததோ பல்லவியில் இருந்ததோ.

அவர் வழியில் நான் போக முடியாது.
பாடாத பாட்டைப் பாடுவதாகச் சொல்லும் செயலியை
கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.
அதனால் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டேன்.
திரையின் மேலே ஒரு வரி எந்நேரமும் நிற்கும்:
தண்ணீர் வண்டி ஓட்டத்தில் உள்ளது.
டிரைவர்கள் ஒவ்வொருவர் போனாக வாங்கி
செட்டிங்ஸில் ஐந்து கதவு திறந்து உள்ளே போய்
இவனை எழுப்பி வையுங்கள், கொல்லாதீர்கள் என்று
அனுமதி வாங்கினேன்.
அடுத்த அப்டேட்டில் இரண்டு போன்கள்
அதையும் மறந்தன.

சேப்பாக்கம். பார்க் டவுன். கோட்டை.
கடற்கரையில் ரயில் நிற்கும்போது
ஏழில் ஐந்து.
நேற்று மூன்று.
எதிர் சீட்டுக்காரர் இறங்கும்போது
போனால் போகட்டும் என்று கேட்டார்:
"எல்லாம் விக்கிறதுக்கா?"
இல்லை, என்றேன். சாகாம இருக்கிறதுக்கு.
அவருக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

எட்டாவது, என் சொந்த போன்.
அதில் மேப்பைத் திறந்தேன்.
மூலக்கடையில் நீலப் புள்ளி நிற்கிறது.
செத்ததா, சிவப்பு விளக்கா, தெரியவில்லை.
எருக்கஞ்சேரியில் பல்கீஸும்
இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெட்டியில் விளக்கு அணைந்துவிட்டது.
இறங்கச் சொல்லி யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
இருங்கள்,
பத்து நொடி ஆகட்டும்.