முன்பெயர்

அழகர்மலை, சிலம்பாற்றுக் கரை,
ஈரப் பாறையிடுக்கு, நிழல். நவம்பர் 1958.
பறித்தவர் கையெழுத்து சாய்ந்து ஓடுகிறது,
மழைக்கு ஒதுங்கி நின்று எழுதியதுபோல.

அதைச் சுற்றி ஆறு சீட்டுகள்.
பழையதைக் கிழிக்கக் கூடாது என்பது விதி.
பக்கத்தில் ஒட்டு, தேதி போடு.
ஐந்து, நான் வேலைக்கு வருமுன்பே இருந்தவை.
ஆறாவது என் மைதாப் பசை.

டிரையாப்டெரிஸ். பிறகு தெலிப்டெரிஸ்.
சைக்ளோசோரஸ்.
கிறிஸ்டெல்லா.
மறுபடி தெலிப்டெரிஸ்.
மறுபடி சைக்ளோசோரஸ்.
முன்பெயர் ஆணானால் பின்பெயர் பாரசிட்டிகஸ்,
பெண்ணானால் பாரசிட்டிகா.
வந்தான், வந்தாள் மாதிரி
வால் மட்டும் பால் மாறும் ஒரே பெரணி.

"குடும்பம் ஒன்று, பேரினம் முப்பதா?
காட்டுக்குப் போகிற பையன்
எதை மனசில் வைப்பான்?"
இது துரைச்சிங்கம் சார்.
"ஆயிரம் இனத்தை ஒரே கட்டாய்க் கட்டினால்
அது பேரினம் இல்லை சார், சாக்கு."
இது பெனின்னாள் மேடம்.
கரண்ட் போயிருந்தது.
ஜன்னலோரம் ஒரே லென்ஸ் கை மாறியது.
அடிநரம்பு இரண்டும் கூடி
மடல் இடுக்குக்கு ஒற்றைக் கோடாய்ப் போகிறது.
கூடுகிறது என்பதில் சண்டையே இல்லை.
கூடினால் போதுமா என்பதில்தான்
சாப்பாட்டு மணி போனது, பூச்சி உருண்டை வாசத்தில்.

பேரினம் என்ற சொல்லை முதலில் கேட்டபோது
பேரை வைத்துப் பிரிக்கிற இனம்
என்றுதான் நினைத்தேன்.
அது தப்பென்று இன்னும் தோன்றவில்லை.

வருகைப் பதிவேட்டில்
ச. பூங்கோதையாய்ச் சேர்ந்தேன்.
கல்யாணத்துக்குப் பிறகு வீ.
குடும்பக் கோர்ட்டுக்குப் பிறகு மறுபடி ச.
தெப்பக்குளம் ரேஷன் கடையில் மட்டும்
இன்றைக்கும் வீ.
யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை.

ஒன்று கேட்டேன்: பாரசிட்டிகா என்றால்?
"ஒட்டுண்ணி" என்றார் மேடம்.
போன கார்த்திகையில் மலையில் பார்த்தேனே,
மண்ணில் வேர், சொந்தத் தண்டு,
எவர் மேலும் சாயாமல்
தண்ணீர்ச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு.
"தப்புதான்" என்றார் சார்.
"தப்புதான்" என்றார் மேடம்.
முதலில் வைத்தவர் தப்பாக வைத்தார்.
முதலில் வைத்ததால் மாற்ற முடியாது.
அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஓர் இடத்தில்.

மாலை, ஏழாவது சீட்டு.
துறைத்தலைவர் இந்த வருஷம் மேடம் என்பதால்
கிறிஸ்டெல்லா பாரசிட்டிகா.
பசை காய மேலே கல் வைத்தேன்.
வலது ஓரத்தை விரலால் அளந்தேன்.
இன்னும் இரண்டு சீட்டுக்கு இடம் இருக்கிறது.
சார் ரிட்டையர் ஆக
நாலு வருஷம்.