இருநூறு ரூபாய்க்கு விற்றவர்

இராயக்கோட்டை தக்காளி மண்டியில்
விலைப்பலகை எழுதுவது என் வேலை.
விடிகாலை நாலரைப் பனியில்
சாக்பீஸும் கொஞ்சம் நனைந்திருக்கும்.

நேற்று நான் பதிந்தவை ஐந்து சரக்கு.
எல்லாருக்கும் முன்னால் வந்த நஞ்சேகவுடாவுக்குப்
பெட்டி அறுநூற்று நாற்பது.
பிறகு மதனப்பள்ளி லாரிகள் ஏழு வந்து நின்றன.
தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை,
விலை அவிழ்ந்துவிட்டது.
நூறு.
தொண்ணூறு, தொண்ணூறு.
எண்பது.

கூட்டினால் ஆயிரம், ஐந்தால் வகுத்தால் இருநூறு.
மீதியில்லாமல் வகுபடுவதில்
எனக்கொரு சின்ன சந்தோஷம், ஒத்துக்கொள்கிறேன்.
'சராசரி 200' என்று எழுதிவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

இன்று கவுரம்மா வந்து நிற்கிறாள்,
அந்தத் தொண்ணூறுகளில் ஒருத்தி.
முதல் பஸ்ஸில் இறங்கிய கட்டிலிருந்து உருவிய பேப்பர்,
மாவட்டப் பக்கம் மேலே தெரிய மடித்திருக்கிறாள்.
"இருநூறுக்கு வித்தது யாரு? பேரச் சொல்லு.
எந்த ஊரு, என்ன விதை, எந்தக் கமிஷன் கடைன்னு கேட்டு
நாளைக்கு நானும் அங்கயே எறக்கிடறேன்."

ரசீதுக் கட்டைப் புரட்டினேன்.
கெலமங்கலத்தில் இல்லை, உத்தனப்பள்ளியில் இல்லை.
அந்த ஆளுக்கு நிலம் கிடையாது,
சொட்டுநீர்க் குழாயை எலி கடிப்பதில்லை,
வண்டி வாடகை பாக்கியும் இல்லை.
ஆனாலும் சங்கத்தில் அவரைத்தான் நம்புகிறார்கள்:
"நல்ல விலை போகுதே, தவணை கட்ட என்னம்மா?"

நஞ்சேகவுடாவுக்கு மட்டும் அவர் வேண்டியவர்.
நேற்று சாயங்காலம் தம்பியைக் கூட்டிவந்து
பலகையைக் காட்டி
இருநூறென்றே பங்கு பிரித்தாராம்.

சராசரி.
வால் மாறினால் சராசரம்,
அசைவதும் அசையாததும் ஒன்று விடாமல் அதில் அடக்கம்.
இந்தச் சொல்லின் வாலிலோ ஒரு 'சரி' தொங்குகிறது.
நானே எத்தனை வருஷம்
அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

கவுரம்மா ஐந்து ரசீதையும் பிடுங்கி
சீட்டு மாதிரி மேசையில் வரிசை வைத்தாள்,
சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும்.
மூன்றாவதன்மேல் விரல்.
"நடுவாளக் கேட்டா நடந்தது தெரியும்."
அவளுடைய ரசீதுதான்.

எட்டாம் வகுப்பில் இதை
இடைநிலை அளவு என்று எழுதி
இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
படிவத்தில் மூன்றே கட்டம்:
குறைந்தது, கூடியது, சராசரி.
நடுவாளுக்கு இடமில்லை.

பலகையில் இடமிருந்தது.
இருநூறுக்குக் கீழே
'நடுவாள் 90' என்று எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாகவே.
அவள் தலையசைத்துவிட்டுப்
பெட்டிகளை எண்ணப் போனாள்.

ஐந்தே முக்காலுக்கு ஓசூர் வியாபாரி வந்தார்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பலகையை இரண்டு தரம் படித்தார்.
"தொண்ணூறா?
அப்ப எண்பத்தஞ்சுன்னு போட்டுக்க."