குதிரையின் மூன்றாவது கால்

மேல்மாடி போகுமில் டிராம் ஓட்டுகிறவன்.
தோருன் ஞாயிற்றுச் சந்தையில்
முந்நூற்றைம்பது வருஷத்துச் செப்புக்காசுகளை
உருளைக்கிழங்குபோல எடைபோட்டு வாங்கினான்.
எல்லாம் பச்சைக் கட்டிகள்.
எது தலை எது பூ என்று தெரியாது.

அன்றிரவே வினிகரில் கொதிக்கவிட்டான்.
படிக்கட்டெல்லாம் புளித்த வாடை.
விடிந்தபோது இருபத்தாறு காசுகள்
குழந்தையின் ஈறுபோல ரோஸ் நிறத்தில் கிடந்தன.
ராஜா இல்லை, எழுத்து இல்லை, வருஷம் இல்லை.
ஒன்றைக் கடைத் தள்ளுவண்டியின் பூட்டில்
நுழைத்துப் பார்த்தானாம்.
அதுகூட நம்பவில்லை.

மிச்சத்தை வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் போட்டுக்கொண்டு
என் கதவைத் தட்டினான்.
"நீ பல் கட்டுகிறவள். உன் கை நடுங்காது."
நடுங்கும், போகுமில்.
ஆறு மணிக்குமேல் நன்றாகவே நடுங்கும்.
சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரம்
(வேலை செய்யும் இடத்திலிருந்து
பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த நீர்).
பிறகு ஆலிவ் எண்ணெயில் நவம்பர் முழுக்க.
எண்ணெய் பாசிநிறமாகும். மாற்றுவேன்.
மறுபடி பாசி. மறுபடி மாற்றுவேன்.
சாலட்டுக்கு எண்ணெய் இல்லாமல்
முட்டைக்கோஸை வெறும் உப்போடு தின்றேன்.
விஸ்துலாவின் ஓரத்தில் பனி கட்டத் தொடங்கியபோது
களிம்பு கொஞ்சம் இளகிக் கொடுத்தது,
கோபித்துக்கொண்டு படுத்தவர்
முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்புவதுபோல.

காரை சுரண்டும் கொக்கியைத் தொடவில்லை.
பென்சில் முனையில் ரோஜா முள் ஒன்றைக் கட்டிக்கொண்டேன்.
ஒரு மாலைக்கு ஒரு கடுகளவு.
குளம்பு வந்தது. வால் வந்தது.
டிசம்பர் ஆறாம் தேதி ஓங்கிய வாளும்
அதைப் பிடித்த கையும் வந்தன.
கைக்காரன் வர இன்னும் நாலு நாள்.

மூன்றாவது காலில் முள் வழுக்கியது.
பச்சையில் ஒரு செதில் தெறித்தது.
போகட்டும், கால் அடியில் இருக்கும் என்று பார்த்தால்
அடியில் ஒன்றுமில்லை.
ஒரு குழி. கொஞ்சம் செந்தூள்.

மேசை விரிப்பெல்லாம் தடவித் தேடி
ஈர விரல்நுனியில் ஒட்டியெடுத்து
செதிலை லென்சுக்கடியில் வைத்தேன்.
அதில் இருந்தது கால்.
மடங்கிய முழங்கால், குளம்புக்குமேல் ஒரு மயிர்க்கொத்துகூட.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
நாள்முழுக்க என் மேசையில் என்ன இருக்கிறது?
உதிர்ந்துபோன பற்களின் இடத்தை
நினைவு வைத்திருக்கும் பிளாஸ்டர்.
இங்கே செம்பு எப்போதோ தின்னப்பட்டுவிட்டது;
தின்றதே அதன் உருவத்தைப்
பிடித்துவைத்துக்கொண்டிருந்தது.
அழுக்கு என்று நாங்கள் சுரண்டியதுதான் காசு.

பல்லுக்கு வைக்கும் பசையால் காலை ஒட்டினேன்.
மணி எட்டு. கை நடுங்கியது.
ஒரு சுற்றுக் கோணல்.
இனி அந்தக் குதிரை நொண்டும்.

ஞாயிறன்று போகுமில் வந்தான்.
"பாதிதானே ஆகியிருக்கிறது?"
"முடிந்துவிட்டது."
லென்சைக் கொடுத்தேன். செதில் கதையைச் சொன்னேன்.
நெடுநேரம் குனிந்திருந்தான்.
சட்டைப் பையில் அந்த மொட்டைக் காசுகளைக்
கை தானாக உருட்டிக்கொண்டிருந்தது,
பிறகு நிறுத்திவிட்டது.

"அந்த வினிகரை எங்கே கொட்டினேன் தெரியுமா?"

தெரியும்.
உன் வீட்டுக் கழிவுக்குழாய்
என் சமையலறைச் சுவருக்குள்தான் இறங்குகிறது.
அன்றிரவு கடகடவென்று ஏதோ இறங்கி ஓட
இரண்டு தடவை விழித்தேன்.
குளம்படி என்று சொல்லமாட்டேன்.
தண்ணீர்தான்.

ஜாடியில் இன்னும் முப்பத்தெட்டு இருக்கின்றன.
எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போ என்றேன்.